வாளியைத் துடைத்த கை

வாளியைக் கயிற்றில் கட்டி ஆற்றில் இறக்குவதற்கு முன் அய்யனார் இரண்டு காரியங்கள் செய்வார். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு, லுங்கி மடிப்பில் செருகியிருக்கும் குழாயை எடுத்துச் சுண்டுவிரல் நீளத்துக்குக் களிம்பைப் பிதுக்கி, வலது உள்ளங்கையால் இடது தோளில் அழுத்தித் தேய்ப்பார். அது முதல் காரியம். அப்புறம் வாளியில் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, அதே உள்ளங்கையை உள்ளே விட்டு, சோற்றுக் குண்டானைத் துலக்குவது போல அடியிலும் ஓரத்திலும் வழித்துச் சுழற்றிக் கொட்டுவார். துடைக்காத வாளியில் அள்ளிய தண்ணீர் எதற்கும் ஆகாது என்பது அவர் கட்சி.

இளவரசி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் களிம்பின் மணம் மூக்கில் ஏறினால்தான் அன்றைய வேலை தொடங்கியது போல அவளுக்கு இருக்கும். இரண்டு காரியங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

புவனகிரிக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடும் கோவிந்தசாமியின் மகள் அவள். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது, என்ன படிக்கிறாய் என்று கேட்ட அப்பாவிடம் இரண்டு தடவை விளக்கிப் பார்த்தாள். மூன்றாவது தடவை, தண்ணியைப் பற்றிய படிப்பு என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்குத்தான் போதவில்லை.

விஷயம் சிக்கலானதல்ல. ஜனங்கள் விழுங்குகிற மாத்திரையும் பூசுகிற மருந்தும் உடம்போடு முடிந்துவிடுவதில்லை. சிறுநீரோடும் குளித்த தண்ணீரோடும் சாக்கடைக்குப் போகின்றன. சாக்கடை ஆற்றில் விழுகிறது. கடலூரில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை மாத்திரை விற்கிறது, அதில் எவ்வளவு கெடிலம் ஆற்றுக்குப் போகிறது, வெயிலில் எவ்வளவு சிதைகிறது, அலை ஏறும்போது எவ்வளவு திரும்பி வருகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, கணினிக்குள் ஒரு பொம்மை ஆற்றை ஓடவிட வேண்டும். கடைசியில் தேவனாம்பட்டினத்து முகத்துவாரத்தில் கடலுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அந்தப் பொம்மை ஆறு சொல்ல வேண்டும். அதுதான் அவளுடைய ஆய்வின் கேள்வி. அவள் எடுத்துக்கொண்டது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. முன்பு மாடுகளுக்கு அதை ஊசியாகப் போட்டதால், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளெல்லாம் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அந்த மருந்து.

பொம்மை ஆறு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நிஜ ஆற்றின் தண்ணீர் வேண்டும். திருப்பாதிரிப்புலியூருக்கு மேலிருந்து முகத்துவாரம் வரை பதினாலு இடங்களைக் குறித்துக்கொண்டு முதல் நாள் பாலத்தின் மேல் நின்று அவளே வாளியை இறக்கினாள். நைலான் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வாளி போய்விட்டது. பாலத்தில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மொபெட்டில் வந்த ஒருவர் மட்டும் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கரையில் இறங்கி, இடுப்பளவு சகதியில் நடந்து போய் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர், இந்தக் கயிற்றுக்கு இந்த முடிச்சு ஆகாது மேடம் என்றார்.

அவர்தான் அய்யனார். அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடலூர் முதுநகர் கிடங்குகளில் பதினாறு வயதில் மூட்டை தூக்க வந்தவர். உரம், உப்பு, சிமென்ட், தவிடு என்று எல்லாம் அந்த இடது தோளில் ஏறி இறங்கியிருக்கின்றன. சுனாமி வந்த வருஷம் கிடங்கு ஆட்களையெல்லாம் தேவனாம்பட்டினத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் அங்கே அவர் தூக்கியவை மூட்டைகள் அல்ல. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பதினாலாவது இடமான முகத்துவாரத்துக்குப் போகும்போது மட்டும் செருப்பை மொபெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார். தோள் இறங்கிப்போய் மேஸ்திரி வேண்டாமென்று சொன்ன பிறகு மஞ்சக்குப்பத்தில் காய்கறிக் கடைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் ஞானசேகரனிடம் சொல்லி இளவரசி அவரைத் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் மேடம் போய்ப் பாப்பா வந்தது. அவளும் அண்ணா என்று கூப்பிட்டாள்.

அவளால் அப்பாவுக்கு விளங்க வைக்க முடியாததை அய்யனார் பாலத்தில் நிற்பவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுவார். ஊர் தின்ற மாத்திரை ஆற்றில் போகிறது, எவ்வளவு போகிறதென்று இந்தப் பெண் கண்டுபிடிக்கிறது. ஒருநாள் மீன் கூடையோடு நின்ற ஒருவர், அப்போ இந்தத் தண்ணியைக் குடித்தால் தலைவலி போய்விடுமா என்று கிண்டலடித்தார்.

"போவும். கூடவே நீயும் போய்ருவ" என்றார் அய்யனார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் பருவத்தில் சோதனைக்காக மேலாற்றில் ஐந்து பாட்டில் மட்டும் எடுத்தார்கள். அப்போது அவர் களிம்பு பூசுவதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கும் மாத்திரை. இளவரசி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்; அவள் ஆற்றில் தேடுகிற அதே டைக்ளோஃபெனாக். இவ்வளவு காலம் தின்றால் சிறுநீரகம் என்னாகும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததை முதல் தடவையாக ஒரு மனிதருக்கு உபயோகப்படுத்தினாள். மாத்திரையை நிறுத்துங்கள், தோளில் பூசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிதம்பரம் கீழவீதியில் அவளே ஒரு குழாய் வாங்கிவந்து கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவள்தான் வாங்கிவந்தாள். அதே மருந்துதான், களிம்பாக. அவருக்கு வாய்வு குறைந்தது, சோறு இறங்கியது. அவருடைய மனைவி செல்லாயி அந்தப் பொங்கலுக்குச் சிதம்பரம் பேருந்தில் ஒரு தூக்குப் பால்கொழுக்கட்டையோடு விடுதிக்கே வந்துவிட்டாள்.

இரண்டாம் பருவத்திலிருந்து பதினாலு இடத்திலும் எண்கள் ஏறின. சிதம்பரத்து ஆய்வகத்தில் இருந்தது, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அளக்கும் இயந்திரம். பொம்மை ஆறு ஐம்பது என்று சொன்ன இடத்தில் நிஜ ஆறு ஐந்நூறு என்றது. முதலில் வந்த ஐந்து பாட்டிலும் பொம்மை ஆற்றோடு ஒத்துப்போயிருந்தன. அது வெறும் ஒத்திகை, அப்போது நமக்குக் கை படியவில்லை என்று ஞானசேகரன் அவற்றை ஒதுக்கச் சொன்னார். கணக்கில் வராத ஏதோ ஒரு சாக்கடை எங்கோ ஆற்றில் விழுகிறது என்பது அவர் ஊகம். அந்த ஊகம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு கண்டுபிடிப்பின் சாயல் அதில் இருந்தது.

அந்தச் சாக்கடையைத் தேடி இளவரசியும் அய்யனாரும் ஒன்றரை வருஷம் அலைந்தார்கள். எருமைகள் படுத்திருக்கும் கரை ஓரங்களில், கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு, குழாய் வாய் தென்படுகிறதா என்று பார்த்தபடி நடந்தார்கள். தென்பட்ட இடத்திலெல்லாம் அய்யனார் தோளைத் தேய்த்துவிட்டு, வாளியைத் துடைத்து, அள்ளினார். எல்லா இடத்திலும் மருந்து இருந்தது. சாக்கடையே இல்லாத இடத்திலும் இருந்தது. அவள் பொம்மை ஆற்றில் ஒரு கற்பனைச் சாக்கடையைச் சேர்த்தாள். எண்கள் பொருந்தின. அதை வைத்து எழுதிய கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார்கள்.

கட்டுரையைப் படித்துப் பார்த்த முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மருந்தே இல்லாத சுத்தமான தண்ணீரை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போய், ஆற்றுத் தண்ணீரை எப்படி எடுக்கிறீர்களோ அப்படியே, அதே கையால், அதே வாளியில் ஊற்றி எடுத்துப் பார்த்தீர்களா?

பார்த்திருந்தாள். ஆனால் அந்தச் சுத்தத் தண்ணீரை எப்போதும் அவள்தான் நேராகப் பாட்டிலில் ஊற்றுவாள். அது நுணுக்கமான வேலை, படித்தவர் செய்கிற வேலை என்று அவளுக்குள் எங்கோ ஒரு நினைப்பு. அடுத்த தடவை பாலத்துக்குப் போனபோது சுத்தத் தண்ணீர்க் கேனை அய்யனாரிடம் கொடுத்தாள். என்னவென்று கேட்காமல் அவர் தோளைத் தேய்த்தார், வாளியைத் துடைத்தார், ஊற்றினார், பாட்டிலை நிறைத்து மூடியை இறுக்கினார்.

மறுநாள் சிதம்பரத்தில் இயந்திரத்தின் திரையில் கோடு தரையோடு ஊர்ந்துவந்து, மருந்து தென்பட வேண்டிய நிமிஷத்தில் பனைமரம் போல நெட்டுக்குத்தாக எழுந்தது. மருந்தே இல்லாத தண்ணீரில் ஆற்றைவிட அதிக மருந்து இருந்தது.

அவள் பொம்மை ஆற்றின் கோப்பைத் திறந்தாள். அதில் ஒரு வரியை அவளே எழுதியிருந்தாள். பூசுகிற மருந்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் உடம்புக்குள் போகிறது, மிச்சமெல்லாம் கையிலும் துணியிலும் இருந்து தண்ணீருக்குப் போகிறது என்று. அந்த வரியை ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்கும் பெருக்கியிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

ஞானசேகரன் கெட்டவர் அல்ல. கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றார். இந்தக் கோடையிலேயே பதினாலு இடத்திலும் மறுபடி எடுக்க வேண்டும், வேறு ஆளைப் போட்டுக்கொள், அவரிடம் காரணம் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தாதே என்றார். அது அக்கறையா, சுலபமான வழியா என்று இளவரசிக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் அவரை ஒன்றும் தெரியாதவராக நடத்துவது போல இருக்கும். சொன்னால், அவளுடைய பாரத்தில் பாதியை அவர் தோளில் ஏற்றுவதாகவும் இருக்கலாம். எது சரி என்று இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை. சொன்னாள்.

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அய்யனார் டம்ளரைக் கீழே வைத்தார். வலது உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஊரு பூரா தின்ன மாத்திரைய வுட எங்கைல ஜாஸ்தியா?"

"ஆமாண்ணா."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நாம தேடித் திரிஞ்ச சாக்கட நான்தான்னு சொல்லு."

அவளால் சிரிக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. கையைத் தொடையில் துடைத்தார், பிறகு மறுபடியும் துடைத்தார்.

"நான் தொடைக்கறப்பலாம் நீ பக்கத்துலதான பாப்பா நின்ன?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வேறு ஆள் என்ற பேச்சை அவள் எடுக்கும் முன்பே அவர் முடிவு செய்துவிட்டிருந்தார்.

"பதினாலையும் நானே மறுபடி எடுக்கறேன். வேற எவனாவது எடுத்தா, அய்யனாரு கெடுத்து வெச்சத இன்னொருத்தன் வந்து சரி பண்ணான்னு ஆவும். அது வேணாம்."

களிம்பை அன்றைக்கே நிறுத்தினார். புது வாளி, புதுக் கயிறு, நீல நிறக் கையுறை. பழைய சட்டையிலும் லுங்கியிலும் மருந்து ஊறியிருக்கும் என்று அவள் சொன்னதும், ஆற்றுக்கென்று தனியாக ஒரு செட் துணி வாங்கி, வீட்டில் வேறு துணியோடு சேராமல் மூங்கில் கழியில் மாட்டி வைத்தார். சாமிக்கு மாலை போட்ட ஆளைப் போல நடந்துகொள்கிறது இந்த ஆளு என்று செல்லாயி அண்டை வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாளாம். மூன்று வாரம் கழித்து மறுபடி சுத்தத் தண்ணீரை அவர் கையால் ஊற்றிப் பார்த்தார்கள். கோடு தரையோடு ஊர்ந்து அப்படியே கடைசி வரை போனது. அந்தக் கோடு அச்சான தாளை அவர் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நல்ல கோடை. அலை வடியும் நேரம் பார்த்து ஒரு நாளைக்கு ஓர் இடம், வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு வாளித் தண்ணீரைப் பாலத்தின் உயரத்துக்கு இழுக்கும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொள்வதை அவள் பார்த்தாள். நான் இழுக்கிறேன் என்றால் விடமாட்டார். நாலாவது இடத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஏதோ பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"ஏம் பாப்பா, மாத்திர தின்னா அது கைக்கு வருமா?"

அவள் பாட்டிலில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். "வராதுண்ணா. கையுறை வேற போட்டிருக்கீங்கல்ல" என்றாள், தலை நிமிராமல். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். எதற்காகக் கேட்கிறார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

பதினோரு பாட்டில் ஆயின. பதினொன்றும் பொம்மை ஆறு சொன்ன எண்ணையே சொல்லின. கற்பனைச் சாக்கடையை அவள் அழித்தாள். முதலிலிருந்தே கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பதினொன்று வரை ஆறுதான். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலில்தான் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கி, ஆறு கடலாகிறது. கடலுக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்விக்குப் பதில் அந்த மூன்றில்தான் இருந்தது. அந்த மூன்று பாட்டில்களையும் கழுவி, எண்ணெழுதி, துணிப் பையில் போட்டு அய்யனாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை அலை நன்றாக வடியும், போகலாம் என்று பேச்சு.

திங்கட்கிழமை அவர் பாலத்துக்கு வரவில்லை. போனை எடுத்தது செல்லாயி. முகமும் காலும் வீங்கியிருக்கிறது, இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை, பெரியாஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றாள்.

இளவரசி போனபோது செல்லாயி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வாவென்றும் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து இளவரசியின் கையில் வைத்தாள். உள்ளே எல்லாம் வெறும் மாத்திரை அட்டைகள். மொபெட்டின் இருக்கைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தாராம்.

"எண்ணிப் பாரு பாப்பா. நீதான் நல்லா கணக்குப் போடுவியே."

அவள் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு என்று பார்த்த உடனே தெரிந்தது. களிம்பை விட்ட அன்றைக்குத் தொடங்கியிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் தனியாகக் கேட்டாள். மாத்திரையால்தானா என்றாள். ரத்தக் கொதிப்பு ரொம்ப வருஷமாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறது, சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது, சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை, மாத்திரையும் சேர்ந்துகொண்டது என்றார் அந்த இளம் மருத்துவர். மாத்திரைக்கு எத்தனை பங்கு என்று அவள் கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதையெல்லாம் யாரும் பிரித்துச் சொல்ல முடியாதம்மா என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஓர் ஆற்றில் எந்தச் சாக்கடைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் படிப்பு. மூன்றரை வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அய்யனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வேறு ஆளுடையது போல ஊதியிருந்தது. அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது திங்கட்கிழமை அலையைப் பற்றித்தான்.

"மாத்திர எடுத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"கைக்கு வராதுன்னு நீதான சொன்ன." ஏதோ தேர்வில் சரியான விடை எழுதியவர் போலச் சொன்னார். "பதினொண்ணும் சுத்தமா வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சுண்ணா."

"அப்பறம் என்னா. மூணு பாட்டிலு ஒனக்கு நான் பாக்கி. எழுந்து வந்து எடுத்துத் தரேன். வேற ஆள வுட்றாத."

விடமாட்டேன் என்றாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஆற்றுக்குப் போன அதே இரண்டு நாள் கணக்கு. ஜூலை போனது. ஞானசேகரன் இரண்டு தடவை பொறுமையாகவும் ஒரு தடவை பொறுமை இல்லாமலும் சொன்னார். மூன்று பாட்டில்தானே, நீயே போய் மொண்டு வந்தால் ஒரு காலை வேலை. கோடைத் தண்ணீர் கோடையோடு எடுத்தால்தான் அந்தப் பதினொன்றோடு சேரும், மழை இறங்கிவிட்டால் அது வேறு ஆறு. அவர் சொன்னது எல்லாம் சரி. அவளுக்கும் அது தெரியும். இருந்தும் ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் எழுந்துவிடுவார் என்று தள்ளினாள். அவருக்குக் கொடுத்த வாக்குக்காகத் தள்ளினாளா, அவரில்லாமல் அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அவர் எழமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமென்று பயந்தாளா என்று கேட்டால், அவளால் சொல்ல முடியாது. ஒருநாள் அலை வடியும் நேரத்துக்குத் தேவனாம்பட்டினம் வரை போனாள். வாளி கையில் இருந்தது. படகுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் மேற்கே நல்ல மழை. கெடிலம் செந்நிறமாகக் கரை தொட்டு ஓடியது. பாலத்தில் ஜனங்கள் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தக் கோடையின் தண்ணீர் இரண்டு நாளில் முழுதாகக் கடலுக்குப் போய்விட்டது.

அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை அய்யனார் இறந்துபோனார். டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுச் சாய்ந்துவிட்டார் என்று செல்லாயி சொன்னாள். எடுப்பதற்குள் இளவரசி சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஆற்றுக்கென்று வைத்திருந்த அந்தத் தனிச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள். பையில் அந்த நேர்கோட்டுத் தாள் மடித்தபடியே இருந்தது. அதை எடுக்க வேண்டாமென்று செல்லாயி சொல்லிவிட்டாளாம்.

முதுநகர் மூட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி அன்று சடங்கெல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன், செத்தவர் வீட்டார் வாசலில் நின்று வந்தவர் ஒவ்வொருவரையும் கேட்பார்கள், அவர் உங்களுக்கு ஏதாவது பாக்கி வைத்தாரா என்று. ஒருவர் தோள் கொடுத்து, பதிலுக்குத் தோள் கொடுக்காமல் விட்ட மூட்டை ஒன்று இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். அங்கேயே கூடியிருப்பவர்கள் அதைத் தங்களுக்குள் தீர்த்துவிடுவார்கள். பாக்கியோடு ஓர் ஆளை அனுப்பக் கூடாது. சடையப்பன் என்ற பழைய கூட்டாளி, ஒரு டீயும் ரெண்டு பீடியும் பாக்கி, ஆனா அவன் எனக்கு எட்டு டீ வாங்கிக் குடுத்துருக்கான் என்று சொல்ல, பந்தலில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக எழுந்தன.

செல்லாயி இளவரசியிடம் வந்து நின்றாள். "ஒனக்கு எதுனா பாக்கி வெச்சாரா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

 செல்லாயி உள்ளே போய் அந்தத் துணிப் பையைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. பழுப்புக் கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தது.

"தெனம் எடுத்து எடுத்து எண்ணுனாரு. எங்கிட்ட ஏன் பொய் சொல்ற?" பையை நீட்டிக்கொண்டே கேட்டாள். "நானே போயி மொண்டு குடுத்தா தீந்துருமா?"

சடையப்பனும் இன்னும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். மூன்று பாட்டில்தானே, இப்பவே போறோம், எந்த எடம்னு காட்டும்மா என்றார்கள். மூட்டைக்குத் தோள் கொடுக்க எழுந்தது போலவே எழுந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? பதினொன்று எடுத்த அந்தக் கோடையில்தான் இந்த மூன்றும் எடுத்திருக்க வேண்டும். அடுத்த கோடையில் எடுத்தால் பதினாலையும் மறுபடி எடுக்க வேண்டும். அது அய்யனாருடைய பதினாலாக இருக்காது.

"அந்தத் தண்ணி போயிருச்சு அண்ணி" என்றாள். "இனிமே எடுக்க முடியாது."

"அப்ப பாக்கி?"

பந்தலில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தள்ளுபடி செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதும் வழக்கத்தில் உண்டு. சொன்னால் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவர் வைத்த பாக்கியை அவள் தள்ளுபடி செய்வதா, அவள் வைத்த பாக்கியை அவர் செய்ய வேண்டியதா என்று தெரியாமல் அந்த வார்த்தை அவளுக்கு வாயில் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டாள். செல்லாயி அடுத்தவரிடம் போனாள்.

ஆய்வேடு போன மாதம் பதினோரு இடங்களோடு சமர்ப்பிக்கப்பட்டது. வரைபடத்தில் ஆறு நீலமாக வந்து, கடலுக்கு முன்னால் மூன்று வெற்று வட்டங்களில் நிற்கிறது. அட்டவணையில் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் பதினாலுக்கும் நேரே, மாதிரி எடுக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறாள். காரணம் எழுதும் கட்டத்தை ஞானசேகரன் நிரப்பச் சொன்னார். உடல்நலக் குறைவு என்று எழுதி, அடித்து, கடைசியில் காலியாக விட்டுவிட்டாள். பாட்டில்கள் மூன்றும் ஆய்வகத்து அலமாரியில் மூடிய மூடியோடு இருக்கின்றன.

மஞ்சக்குப்பம் பக்கம் போனால் செல்லாயியைப் பார்க்காமல் வருவதில்லை. அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுச் சேதியெல்லாம் சொல்லிவிட்டு, இளவரசி செருப்பை மாட்டும்போது கேட்பாள்.

"அது தீந்துச்சா பாப்பா?"

"இன்னும் இல்ல அண்ணி."